கம்பளைப் பெரஹரா வழக்கும் 1915ஆம் ஆண்டுப் பத்திரிகைகளும்

பத்திரிகைகளின் பக்கச்சார்பு பற்றிப் பேச்செழும்பொழுது பெரும்பாலும் ஒரே வினாவே முன்வைக்கப்படுகின்றது. வெளிவந்த செய்தி மெய்யா, பொய்யா என்பதே அது. இவ்வினா தேவையானதே, ஆயின் போதுமானதன்று. ஒரு செய்தியில் இடம்பெறும் கூற்றுக்கள் ஒவ்வொன்றும் மெய்யாக இருக்கலாம். எனினும், அச்செய்தி எந்த இடத்திலே தொடங்குகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பவற்றைப் பொறுத்து அதன் முழுப்பொருளும் திரிந்துவிடக்கூடும். இத்திரிபு தற்செயலாக நேர்வதன்று. பத்திரிகையை நடத்துவோரின் வர்க்க நலனும், அதனை வாங்குவோரின் மனக்குறையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே அது தோன்றுகின்றது.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு இலங்கை வரலாற்றிலே கம்பளையை விடப் பொருத்தமான களம் அரிது. 1912ஆம் ஆண்டு அந்நகரின் ஒரு தெருவில் எழுந்த ஊர்வலத் தகராறு, மூன்றாண்டுகளுள் இந்நாட்டின் ஐந்து மாகாணங்களைப் பற்றிக்கொண்ட கலவரத்துடன் பிணைக்கப்பட்டது. தெருத் தகராறு ஒன்று இனப்பகையாக உருப்பெற்ற அந்த இடைவெளியிலே பத்திரிகைகள் ஆற்றிய பணி யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. நகரும் தெருவும்

கம்பளை பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய நகரம். நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த லங்காதிலக விகாரையிலே சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பௌத்த விகாரையொன்றின் உடைமைகளைப் பற்றிய செய்தியைத் தமிழிலும் கூறவேண்டிய தேவை அக்கால அரசுக்கு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடி வாழ்ந்தமை இந்நகருக்குப் பிரித்தானியர் கொணர்ந்த புதுமையன்று.

பிரித்தானியர் கொணர்ந்தது வேறு. கோப்பியும் பின்னர் தேயிலையும் கம்பளையைச் சூழ்ந்த மலைகளை மாற்றியமைத்தன. 1867இற் கண்டியை அடைந்த இருப்புப்பாதை 1873இற் கம்பளையை எட்டியது. தோட்டங்களிலிருந்து விளைபொருள் கொழும்புக்கு இறங்கிற்று. கொழும்பிலிருந்து அரிசியும் புடைவையும் மலைக்கு ஏறின. இவ்விரு ஓட்டங்களும் சந்திக்கும் கடைத்தெருவாகக் கம்பளை வளர்ந்தது. அக்கடைத்தெருவிலே தென்னிந்தியக் கரையோர ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் முக்கிய இடம்பெற்றனர். அரச பதிவேடுகள் இவர்களைக் ‘கரையோரச் சோனகர்’ எனத் தனியாக வகுத்தன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாடு முழுவதிலும் இவர்களின் தொகை ஏறத்தாழ 33 ஆயிரமே. ஆயினும் கிராமத்துச் சிங்கள விவசாயியும் நகரத்துத் தொழிலாளியும் நாடோறும் முகத்துக்கு முகம் காணும் வணிகர் இவர்களே. கடன் கொடுத்தவரும் கடனைத் திருப்பிக் கேட்டவரும் இவர்களே.

வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா கம்பளை அம்பகமுவ வீதி வழியாகச் செல்வது வழக்கம். அவ்வீதியிற் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலொன்று இருந்தது. பள்ளிவாசலைக் கடக்கும்பொழுது இசைக்கருவிகளை முழக்கலாகாது என்று முஸ்லிம்கள் கோரினர். 1912இல் அதிகாரிகள் அக்கோரிக்கையை ஏற்று, பள்ளிவாசலின் இருமருங்கும் குறித்த தூரத்துக்கு மேளம் நிறுத்தப்படவேண்டும் என்ற நிபந்தனையை விதித்தனர். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதற்கு இணங்கவில்லை. அவர் அரசுக்கெதிராகக் கண்டி மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கின் ஆதாரம் 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் பேணிக் காப்பதாக வாக்களித்திருந்தது. மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 யூன் மாதத்தில் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றியது. பொது வீதிகளில் ஒழுங்கு பேணும் பொருட்டுப் பின்னர் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்களே வலுவுடையன என்பது அதன் முடிவு. கண்டி உடன்படிக்கையின் நூறாவது ஆண்டு நிறைவெய்திய அதே காலத்தில் இத்தீர்ப்பு வெளிவந்தமை அதன் தாக்கத்தைப் பன்மடங்காக்கியது.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். வழக்கு முஸ்லிம்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே நிகழ்ந்ததன்று. சட்ட நோக்கில் அது ஒரு தேவாலயத்துக்கும் குடியேற்ற அரசுக்கும் இடையிலான வழக்கு. ஓர் ஏகாதிபத்திய அரசு, தான் வென்ற மக்களுக்குக் கொடுத்த வாக்கினைத் தன் கட்டளைச் சட்டத்தால் மீறலாமா என்பதே அதன் உள்ளீடு. இவ்வினாவை விரித்திருப்பின் அது குடியேற்ற ஆட்சி பற்றிய வினாவாக வளர்ந்திருக்கும். ஆனால் அது அவ்வாறு வளரவில்லை.

2. சிங்களப் பத்திரிகைகளின் கதையமைப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சிங்களப் பத்திரிகைத்துறை விரைந்து வளர்ந்தது. பியதாச சிறிசேன 1903இல் ‘சிங்கள ஜாதிய’வைத் தொடங்கினார். அநகாரிக தர்மபால 1906இல் ‘சிங்கள பௌத்தய’வை நிறுவினார். ‘லக்மின’ முதலிய ஏடுகளும் பரவலாக வாசிக்கப்பட்டன. இவை மக்களின் தாய்மொழியில் அவர்களது தன்மானத்தைத் தட்டியெழுப்பின. மதுவிலக்கு இயக்கத்துக்குக் குரல் கொடுத்தன. அந்நிய ஆட்சியின் அவமதிப்புக்களை எடுத்துக்காட்டின. இவ்வகையில் அவற்றின் முற்போக்கான பங்களிப்பை மறுத்தற்கில்லை.

ஆயின் அவற்றின் பின்னால் நின்ற வர்க்கம் எது? மதுவரி, காரீயம், தென்னை ஆகியவற்றாற் செல்வமீட்டிய கரைநாட்டுச் சிங்கள முதலாளிகளும், சில்லறை வணிகத்திற் காலூன்ற முயன்ற சிறு வணிகருமே அதன் முதுகெலும்பு. இச்சிறு வணிகருக்கு நேரடிப் போட்டியாளர் கரையோரச் சோனகர். குமாரி ஜயவர்த்தன 1970இல் வெளியிட்ட ஆய்வில், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பொருளாதார அடிப்படையை இவ்வாறே விளக்கினார். சமயப்பூசல் எனப் பொதுவாகக் கொள்ளப்பட்ட ஒரு நிகழ்வின் அடியிலே விலைவாசியும் வணிகப் போட்டியும் தொழிலாளர் கொந்தளிப்பும் இருந்தமையை அவரது ஆய்வு நிறுவியது.

1914 ஓகஸ்டில் உலகப் போர் மூண்டது. அரிசிக்குக் கடல்கடந்த நாடுகளை நம்பியிருந்த இலங்கையில் அத்தியாவசியப் பொருள்களின் விலை ஏறிற்று. விலையேற்றத்தின் வேர்கள் கப்பற் போக்குவரத்திலும், இறக்குமதி நிறுவனங்களிலும், உணவு விளைத்த நிலத்தை ஏற்றுமதிப் பயிருக்குத் திருப்பிய பெருந்தோட்டப் பொருளாதாரத்திலும் இருந்தன. ஆனால் வாங்குபவனின் கண்ணுக்கு இவையொன்றும் தெரியா. அவனுக்குத் தெரிந்தவர் தராசைப் பிடித்தவர் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத இத்தொடரைக் கண்டறிந்து காட்டுவதற்குத்தான் சமூகம் பத்திரிகை என்ற நிறுவனத்தை வைத்திருக்கின்றது. மேற்கூறிய ஏடுகளோ தராசைப் பிடித்தவரோடு நின்றுகொண்டன. அவர் அந்நியர், வேற்றுச் சமயத்தவர், ஏமாற்றுபவர், நாட்டைவிட்டு அகற்றப்பட வேண்டியவர் என்ற பிரசாரம் தொடர்ந்து நடைபெற்றது. உயர்ந்த விலை மெய். கடன் சுமை மெய். சில கடைக்காரர் கொள்ளை இலாபம் பெற்றதும் மெய்யாயிருக்கலாம். ஆயினும் கதை கடையின் வாசலிலே தொடங்கிக் கடையின் வாசலிலேயே முடிந்தமையால் முழுமை பொய்யாயிற்று.

இலக்கிய மாணவர் கவனிக்கத்தக்க மற்றொரு கூறும் இங்குண்டு. பியதாச சிறிசேன பத்திரிகையாசிரியர் மட்டுமல்லர். 1906இல் நூலாக வந்த ‘ஜயதிஸ்ஸ சஹ ரொசலின்’ வாயிலாகச் சிங்கள நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் ஆனவர். தூய பௌத்த நாயகன், அவனைச் சூழும் அந்நியத் தீமைகள், இறுதியில் ஒழுக்கத்தின் வெற்றி என்பது அவ்வகை நாவலின் அமைப்பு. இதே அமைப்பே செய்திப் பத்திகளிலும் இடம்பிடித்தது. நாவலில் நாயகனுக்கு ஒரு பகைவன் வேண்டும். விலைவாசியைப் பகைவனாக்க முடியாது. கடைக்காரரைப் பகைவராக்க முடியும். பரபரப்பு என்று நாம் இன்று கூறுவது வெறும் மிகைச்சொல் அன்று. சமூக உறவுகளைத் தனிமனிதக் குணங்களாகக் குறுக்கிவிடும் கதைமுறையே அதன் உயிர்நிலை.

ஒப்புநோக்கின் பொருட்டு இன்னொரு பத்திரிகையாசிரியரையும் நினைவுகூரலாம். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திர’த்தை வெளியிட்டார். நாவலும் பத்திரிகையும் ஒரே கையிற் பிறந்த காலம் அது. இரண்டும் புதிதாகத் தோன்றிய மத்தியதர வாசகனை உருவாக்கின. அவ்வாசகனைத் தத்தம் சமூகத்தின் எல்லைக்குள்ளேயே உருவாக்கின. ஒரே கடைத்தெருவில் நடமாடியவர்கள் வெவ்வேறு ஏடுகளை வாசித்தனர். மற்றவனின் துயரைச் சொல்லும் ஏடு எவன் கைக்கும் எட்டவில்லை.

3. கலவரமும் மற்றொரு கட்டுக்கதையும்

1915 மே 28ஆந் திகதி இரவு, வெசாக் கொண்டாட்டத்தின்போது, கண்டி காசில் ஹில் வீதியிலுள்ள பள்ளிவாசலின் அருகே பக்திப்பாடற் குழுவினருக்கும் அங்கிருந்தோருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. கம்பளையில் நீதிமன்றேறிய பிரச்சினை கண்டியில் தெருவுக்கு வந்தது. இருப்புப்பாதையை ஒட்டிக் கலவரம் பரவிற்று. பௌத்த வணக்கத்தலங்கள் தாக்கப்படவுள்ளன என்ற வகையான வதந்திகள் அதற்கு முன்னே ஓடின. சில நாட்களில் மேல், தென், வடமேல், மத்திய, சப்பிரகமுவ மாகாணங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் சூறையாடப்பட்டன. 4,075 கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டன என்றும், 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

யூன் 2ஆந் திகதி தேசாதிபதி சேர் ரொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். ஓகஸ்ட் இறுதிவரை அது நீடித்தது. இப்பொழுது இரண்டாவது கட்டுக்கதை தோன்றியது. நடந்தது பிரித்தானிய முடிக்கெதிரான சதி என்றும், அதற்கு மதுவிலக்கு இயக்கத் தலைவர்களே சூத்திரதாரிகள் என்றும், ஜேர்மனியின் கையும் அதிலுண்டு என்றும் ஆட்சியாளர் நம்பினர்; நம்பவும் வைத்தனர். கோப்பிக் காலந்தொட்டுத் தோட்டத்துரைமாரின் குரலாக விளங்கிய ‘ஒப்சேவர்’, ‘ரைம்ஸ்’ போன்ற ஆங்கில ஏடுகளின் வாசகருலகுக்கு இக்கதை இசைவானதாயிருந்தது. விலைவாசி பற்றிய வினாவை இதுவும் எழுப்பவில்லை. பெருந்தோட்டத்தின் உடைமையாளர் அதனை எழுப்புவர் என எதிர்பார்ப்பதற்குமில்லை.

இக்கதையின் விலை மனித உயிராகும். யூலை 7ஆந் திகதி இளைஞரான ஹென்றி பேத்ரிஸ் இராணுவ நீதிமன்றின் தீர்ப்பின்படி சுட்டுக்கொல்லப்பட்டார். எப். ஆர். சேனநாயக்க, டீ. எஸ். சேனநாயக்க, டீ. பி. ஜயதிலக்க முதலியோர் சிறையிடப்பட்டனர். தர்மபாலவின் சகோதரர் எட்மன்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையில் இறந்தார். ‘சிங்கள பௌத்தய’ தடைசெய்யப்பட்டது; பியதாச சிறிசேனவும் சிறைப்பட்டார். பெயரறியாத கிராமத்தவர் பலர் விசாரணையின்றியே சுடப்பட்டனர். சேதத்துக்கான இழப்பீடு, கலவரப் பகுதிகளிலிருந்த சிங்கள மக்கள்மீது கூட்டாகச் சுமத்தப்பட்டது. கொள்ளையிற் பங்குகொள்ளாத ஏழை விவசாயியும் அதனைச் செலுத்த நேர்ந்தது.

ஏடுகளைத் தடைசெய்தமை அவை பரப்பிய பகையைப் போக்கியதா? இல்லை. அடக்குமுறை, பகையை வளர்த்த எழுத்தைத் தேசிய வீரத்தின் சின்னமாக மாற்றியது. தணிக்கையைப் பரபரப்புக்கு மருந்தாகக் கொள்வோர் இப்பாடத்தை மறத்தலாகாது.

4. மறுப்புநூல்களின் பெறுமதியும் எல்லையும்

இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை வெளிக்கொணர்ந்த இரு நூல்கள் இலங்கையின் பொதுவாழ்வெழுத்திற் சிறப்பிடம் பெறுவன. சட்ட நிரூபண சபையிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், சபையில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் 1916இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். ‘சிலோன் மோனிங் லீடர்’ ஏட்டின் ஆசிரியர் ஆமண்ட் டி சூசா, இராணுவச் சட்ட நாட்கள் பற்றிய தமது நூலை 1919இல் வெளியிட்டார். சாட்சியங்களைத் திரட்டி, நாளும் இடமும் குறித்து, ஆட்சியாளரின் சதிக்கதையை இவர்கள் தகர்த்தனர். அச்சம் நிலவிய காலத்தில் இதற்குப் பெருந்துணிவு வேண்டும். செய்தியின் பொதுப்பயன் யாது என வினவுவோர்க்கு இந்நூல்கள் ஒரு விடை.

எனினும் இவற்றையும் விமரிசன நோக்கிற் காணவேண்டும். சிங்களத் தலைவர்களைக் குற்றமற்றோராக நிறுவும் ஆர்வத்தில், கலவரத்தின் பழி கரையோரச் சோனகர்மீது கூடுதலாகச் சாய்ந்தது. கடை எரிந்தவரின் வாய்மொழிக்கு, இராணுவத்தால் இன்னலுற்ற கனவான்களின் வாய்மொழிக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை. இராமநாதன் சிங்கள மக்களாற் பெரிதும் போற்றப்பட்டார். அதே நிகழ்ச்சி முஸ்லிம்களின் நினைவில் வேறுவிதமாகப் பதிந்தது. தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கிடையே எழுந்த ஐயுறவு இன்றுவரை முற்றாகத் தீரவில்லை. அநீதியொன்றை எதிர்த்து எழுதப்பட்ட எழுத்தே இன்னோர் அநீதியை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆக, மூவகை எழுத்துக்களை நாம் கண்டோம். முதலாவது கடைக்காரரைக் குற்றவாளியாக்கிற்று. இரண்டாவது மதுவிலக்குத் தலைவர்களைக் குற்றவாளிகளாக்கிற்று. மூன்றாவது அரசின் கொடுமையை அம்பலப்படுத்தியது. மூன்றும் ஒரே தகுதியுடையன அல்ல. ஆனால் மூன்றிலும் ஒரு பொருள் விடுபட்டது. அரிசியின் விலை யாரால் நிர்ணயிக்கப்பட்டது, அதனால் இலாபமீட்டியவர் யாவர் என்பதே அது.

1842இல் ‘ரைனிஷே சைற்றுங்’ பத்திரிகையில் எழுதிய இளம் கார்ல் மார்க்ஸ், காட்டிற் சுள்ளி பொறுக்கும் ஏழைகளைத் திருடராக்கும் சட்டம் பற்றி ஆராய்ந்தார். திருட்டுப் பெருகிவிட்டது என்ற செய்தியோடு அவர் நின்றுவிடவில்லை. காடு எவ்வாறு தனியுடைமையாயிற்று என்று வினவினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மைத் திருப்பியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென அவரே பின்னர் குறிப்பிட்டுள்ளார். அடுத்த ஆண்டு அப்பத்திரிகை அரசினால் ஒழிக்கப்பட்டது. கம்பளைக்கு வேண்டியிருந்ததும் இத்தகைய ஒரு வினாவே.

5. தொடரும் வரலாறு

நூறாண்டு கழிந்தபின் இதே கண்டி மாவட்டத்தில் அவ்வரலாறு மீண்டது. 2018 மார்ச்சில், முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்துத் திகன, தெல்தெனிய முதலிய இடங்களிற் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மரணம் மெய், குற்றமும் மெய். ஆனால் சிலர் புரிந்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாக முகநூல் வழியே பரப்பப்பட்டது. அரசு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்திச் சமூக ஊடகங்களை முடக்கிற்று. 2020இல் முகநூல் நிறுவனம் அவ்வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது. 2019 மே 23ஆந் திகதி ‘திவயின’ நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பொருள்பட முதற்பக்கச் செய்தி வெளியிட்டது. அம்மருத்துவர் கைதுசெய்யப்பட்டார், குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை, பின்னர் அவர் பணிக்கு மீண்டார். குற்றச்சாட்டு எட்டிய தொலைவுக்கு மறுப்பு எட்டுவதில்லை. பகைமையே விற்பனைச் சரக்காகும் பொருளாதாரத்தில், அச்சுக்கூடத்தின் இடத்தைக் கணினித்தளம் பெற்றபின்னும் விதி மாறவில்லை.

பிறரைக் குறைகூறும் நாம் இடதுசாரி இயக்கத்தையும் விலக்கிவிடலாகாது. 1966 சனவரியிற் தமிழ்மொழி விதிகள் நாடாளுமன்றத்திற்கு வந்தபொழுது, வர்க்க ஒற்றுமையைப் போதித்த கட்சிகள் அவற்றுக்கெதிராகத் தெருவிலிறங்கின. அவற்றின் சிங்கள ஏடுகளும் இனவாதக் கோஷங்களுக்கு இடங்கொடுத்தன. மார்க்சியம் என்ற பெயர்ப்பலகை சார்பிலிருந்து எவரையும் காப்பதில்லை. இதனை ஒப்புக்கொள்ளாத மார்க்சிய விமரிசனம் தன் தகுதியை இழந்துவிடும்.

அவ்வாறாயின் சார்பற்ற பத்திரிகை உண்டா? சார்பின்மை என்பது பெரும்பாலும் உடைமையாளரின் சார்பைப் புலப்படாது வைத்திருக்கும் உத்தியே. 1924இற் ‘தேசபக்த’னைத் தொடங்கிய கோ. நடேசய்யர் தாம் யார் பக்கம் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. தோட்டத் தொழிலாளரின் சம்பளம், கடன், பதிவுத்துண்டு ஆகியவற்றைச் செய்தியாக்கினார். அவை அதுவரை தமிழ்ப் பத்திரிகையிற் செய்தியெனக் கருதப்படாதவை. அவரது சார்பு வெளிப்படையானது. அதனால் வாசகன் அதனை எடைபோட முடிந்தது. செய்தியின் பொதுப்பயனை அளக்கும் கோல் இதுவே எனலாம். ஒரு செய்தி தன் சார்பை மறைக்கின்றதா, அறிவிக்கின்றதா? துயருக்குக் காரணமான உறவைக் காட்டுகின்றதா, அருகில் நிற்கும் மனிதரைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றதா?

இக்கோலைத் தமிழ் ஏடுகளுக்கும் நாம் பிரயோகித்தல் வேண்டும். முஸ்லிம்களைப் பற்றியும் மலையகத்தவரைப் பற்றியும் நம் ஏடுகள் எழுதுவன யாவை, எழுதாது விடுவன யாவை என்பதை ஆண்டுவாரியாக ஆராய்வது தமிழியல் மாணவர்முன் உள்ள பணி. தலைப்புச்செய்திகளைத் தொகுப்பது போதாது. அதே நாளின் சந்தை விலைப் பத்தியையும், விளம்பரங்களையும், உள்ளூர்க் கடிதங்களையும் அவற்றின் பக்கத்தில் வைத்து வாசித்தல் வேண்டும். கம்பளை அம்பகமுவ வீதியிற் பெரஹராவின் மேளம் நிறுத்தப்பட வேண்டுமா என்பது பற்றி மூன்றாண்டுகள் வாதிட்டவர் பலர். அவ்வீதியிற் படி அரிசி என்ன விலைக்கு விற்றது என்று எழுதியிருப்பின், ஒருவேளை அத்தெருவின் இருபக்கத்தாரும் அதனைச் சேர்ந்தே வாசித்திருப்பர்.